சவம் என்ற சொல்லுக்கு நான் சொன்ன பொருள்

ஒரு சொல்லுக்கு அகராதியில் உள்ள பொருளைப் பிழையில்லாமல் சொல்லிவிட்டால், மொழிபெயர்த்தவரின் பொறுப்பு அத்துடன் முடிந்துவிடுகிறதா?

மைதீன் பாயை ஏற்றிக்கொண்ட போலீஸ் ஜீப் தொண்ணூறடி சாலையில் திரும்பி மறைந்தபோது இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. அவரை அந்த ஜீப்பில் ஏற வைத்தது நான் சொன்ன ஒற்றைச் சொல். அந்தச் சொல்லுக்கு நான் தந்த பொருளை எந்தத் தமிழாசிரியரும் தவறென்று சொல்லமாட்டார். என் குழப்பமும் அதுதான்.

தாராவியில் இயங்கும் ஒரு தொண்டு நிறுவனத்தில் பதினான்கு ஆண்டுகளாகக் களப்பணி ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். ஆண்டுதோறும் எங்களிடம் சேரும் பட்டதாரிகள், மொழி தெரிந்தால் பாதி வேலை முடிந்தது என்று நம்பிக்கொண்டு வருகிறார்கள். நானும் அப்படித்தான் வந்தேன். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

1. விருந்தாளி வருகிறார்

நம்முடன் நட்புறவு கொண்ட ஒரு நாட்டின் அதிபர், நட்பு நாடுகளுக்கான சுற்றுப்பயணத்தின் ஒரு பகுதியாக இந்தியாவுக்கு வரவிருந்தார். டெல்லியில் இரண்டு நாள், மும்பையில் ஒரு நாள். தோல் தொழிலில் பயிற்சி தருவது பற்றி இரு நாடுகளும் ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளவிருந்தன. அதனால் மும்பை நிகழ்ச்சியில் தாராவியின் தோல் பட்டறை ஒன்றுக்கு இருபது நிமிடம் ஒதுக்கினார்கள். தேர்ந்தெடுக்கப்பட்டது மைதீன் பாயின் பட்டறை. இடம் சிறிது, ஆனால் சாலையை ஒட்டி இருந்தது, கார் நிற்க வசதி. காரணம் அவ்வளவுதான் என்று பின்னர் தெரிந்தது.

மைதீன் பாய் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். முப்பது ஆண்டுகளாகப் பர்ஸும் பெல்ட்டும் கைப்பையும் தைத்து வியாபாரிகளுக்குக் கொடுத்துவருகிறார். ஹிந்தி சரளமாகப் பேசுவார். ஆனால் அதிபரிடம் தொழிலாளர் தாய்மொழியில் பேசினால்தான் நன்றாக இருக்கும் என்று மேலிடத்தில் யாரோ முடிவு செய்திருந்தார்கள். ஆகவே தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றிச் சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது. எங்கள் நிறுவனம் என் பெயரைக் கொடுத்தது.

நான் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவள். அப்பா வங்கியில் வேலை பார்த்தார். பள்ளியில் தமிழுக்குப் பரிசு வாங்கியிருக்கிறேன். சமூகப்பணியில் முதுகலை படித்திருக்கிறேன். இந்தத் தகுதிகளைப் படிவத்தில் எழுதிக் கொடுத்தபோது, என் தமிழும் மைதீன் பாயின் தமிழும் ஒன்றுதானா என்று யாரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

வருகைக்கு முந்தைய நான்கு நாட்கள் பட்டறையில் நடந்தவற்றை வரிசைப்படுத்த இன்றும் என்னால் முடியவில்லை. டெல்லியிலிருந்து வந்திருந்த ப்ரோட்டோகால் அதிகாரி, வயதில் என்னைவிட இளைய பெண்மணி, எல்லாம் ‘நேச்சுரலாக’ இருக்க வேண்டும் என்றார். அவர் போனதும் வந்த பாதுகாப்புக் குழு, தோல் சீவும் ராம்பிக் கத்திகளை எண்ணி எடுத்துப் பையில் போட்டுக் கட்டியது. ஒட்டுவதற்கு வைத்திருந்த சொல்யூஷன் டப்பாக்கள் தீப்பற்றும் பொருள் என்று வெளியேறின. மறுநாள் அதே ப்ரோட்டோகால் அதிகாரி வந்து, வேலை நடக்கிற மாதிரியே தெரியவில்லையே என்று வருத்தப்பட்டார்.

மைதீன் பாய் என்னைப் பார்த்தார். “ராம்பி இல்ல, சொல்யூசன் இல்ல. தோல என்ன பல்லால கடிச்சா காட்டச் சொல்லுதாவ? கேட்டுச் சொல்லும்மா.”

நான் அதை ஆங்கிலத்தில், “கருவிகள் இல்லாமல் செயல்விளக்கம் கடினம் என்கிறார்” என்று மாற்றினேன். மொழிபெயர்ப்பு என்பது இப்படி முனைகளை மழுக்குவது என்று அப்போது நினைத்திருந்தேன்.

அவர் இன்னொன்றும் கேட்டார். “நட்பு நாடுதானே சொன்னீய? நட்பு நாட்டுக்காரரு வாறதுக்கே தெருவுக்கு இருபது போலீசுன்னா, சண்டைக்காரன் வந்தா என்னத்தம்மா செய்வாவ?”

ப்ரோட்டோகால் அதிகாரியோ பெரும்பாலான நேரம் தொலைபேசியில் இருந்தார். கூட்டறிக்கையில் ‘உறவை வலுப்படுத்த’ என்று போடுவதா, ‘உறவை மேலும் வலுப்படுத்த’ என்று போடுவதா என்பது அன்றைய பிரச்சினை. ‘மேலும்’ இல்லாவிட்டால் இதுவரை உறவு வலுவாக இல்லை என்று பொருளாகிவிடுமாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார்கள். அந்தக் கவனத்தை நான் மதித்தேன். ஒரு சொல்லுக்காக இத்தனை பேர் உட்கார்ந்து யோசிக்கிற உலகத்தில் நானும் ஒரு சிறு வேலை செய்கிறேன் என்ற பெருமிதம்கூட எனக்கு இருந்தது.

2. டவர் ஏ.சி.

வருகைக்கு முந்தைய நாள் காலையில் ஒப்பந்தக்காரர் ஒருவர் ஆள் உயர ஏ.சி. இயந்திரம் ஒன்றைக் கொண்டுவந்து பட்டறை நடுவில் நிறுத்தினார். நான்கு தையல் மிஷின்கள் இருந்த இடத்தில் இரண்டைச் சுவரோடு ஒதுக்க வேண்டியதாயிற்று. ஏ.சி. ஓடினால் மிஷின் ஓடாது. இரண்டும் ஓடினால் மீட்டர் பெட்டியில் ஃப்யூஸ் போகும். மதியத்துக்குள் மூன்று முறை போனது. மூன்றாவது முறை பக்கத்துப் பட்டறைக்கும் சேர்த்துப் போனதால், அந்தப் பட்டறைக்காரர் வாசலில் வந்து, “மைதீன் பாய், ஒம்ம பிரசிடென்ட்டு குளுகுளுன்னு இருக்கதுக்கு நாங்க ஏன்வே வேகணும்?” என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார்.

அப்போது மைதீன் பாய்க்குத் தொலைபேசி வந்தது. ஊரிலிருந்து அவருடைய மச்சான். மைதீன் பாய் சற்று உரக்கப் பேசுகிறவர். அன்று அவருக்குக் கோபமும் இருந்தது.

“ஆமா மச்சான், இன்னைக்கு ஒரு வேலையும் ஓடல. நாளைக்கு பிரசிடென்ட் வாறாரு. அவரு வந்த காரியம் முடிஞ்சதும், சவத்தத் தூக்கி வெளிய போட்டுட்டு நம்ம வேலையப் பாக்க வேண்டியதுதான்.”

வாசலில் ஓர் இன்ஸ்பெக்டர் நின்றிருந்தார். பந்தோபஸ்துக்காக நகரத்தின் வேறு பகுதியிலிருந்து அனுப்பப்பட்டவர், மராத்தியர். அவர் தலை சட்டென்று திரும்பியது. என்னிடம் வந்து, ‘சவம்’ என்றுதானே சொன்னார் என்று ஹிந்தியில் கேட்டார்.

“மேடம், ‘சவம்’ போலா நா? ஷவ்? டெட் பாடி?”

மராத்தியிலும் ஹிந்தியிலும் பிணத்துக்கு அந்தச் சொல்தான். தமிழிலும் அதுதானே என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் அச்சொல்லை யாரும் உச்சரித்ததில்லை. செய்தித்தாளில் படித்திருக்கிறேன், அவ்வளவுதான் என் பழக்கம். மூன்று மொழிகளில் ஒரே சொல் இருப்பதைக் கண்டுகொண்ட படிப்பாளியின் மகிழ்ச்சி ஒரு நொடி எனக்குள் எழுந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

“ஹாம் சார். வஹீ. டெட் பாடி.”

முழு வாக்கியத்தையும் சொல்லும்படி கேட்டார். சொன்னேன். “நாளை அதிபர் வந்து காரியம் முடிந்ததும், பிணத்தைத் தூக்கி வெளியே போட்டுவிட்டு நம் வேலையைப் பார்ப்போம்.”

சொல்லி முடிக்கும்போதே எனக்குள் ஏதோ இடித்தது. எந்தப் பிணம்? யாருடைய பிணம்? ஆனால் ஒவ்வொரு சொல்லும் சரியாக இருந்தது. எங்கே தவறு என்று தேடத் தெரியவில்லை.

இன்ஸ்பெக்டர் குறித்துக்கொண்டார். “ஷ்யூர்?” என்றார். “ஷ்யூர்” என்றேன்.

அதற்குள் மைதீன் பாய் பேச்சை முடித்துவிட்டுத் திரும்பினார். விஷயம் புரிந்ததும் ஹிந்தியில் பதறினார். “அரே சாப், ஏ.சி. கோ போலா! யே ஏ.சி.!” என்று இயந்திரத்தைக் கையால் தட்டிக் காட்டினார்.

“ஏ.சி.யைப் பிணம் என்று யார் சொல்வார்கள்?” என்று இன்ஸ்பெக்டர் என்னைக் கேட்டார்.

மைதீன் பாயும் என்னைத்தான் பார்த்தார். “சொல்லும்மா” என்றார்.

நான் பேசவில்லை. பயத்தால் என்று சொன்னால் அது எனக்கே சலுகையாகிவிடும். ஏ.சி.யைச் சவம் என்று ஒருவர் சொல்லக்கூடும் என்பது எனக்கு உண்மையிலேயே தெரியாது. தெரியாததற்குச் சாட்சி சொல்வது முறையல்ல என்று யோசித்துக்கொண்டு நின்றேன். என் யோசனை முடிவதற்குள் ஜீப் வந்துவிட்டது.

“நான் தனியாக முடிவு பண்ண முடியாது மேடம். விவிஐபி விசிட். எழுதியாச்சு, மேலே சொல்லியே ஆகணும்” என்றார் இன்ஸ்பெக்டர். அவர் குரலில் கடுமை இல்லை.

3. லேபர் கேம்ப்பில்

மைதீன் பாயின் மனைவி ஹமீதாவை நான் லாத்தா என்றுதான் கூப்பிடுவேன். அக்கா என்பதற்கு அவர்கள் வீட்டுச் சொல். தாராவியை ஒட்டிய மாட்டுங்கா லேபர் கேம்ப் குடியிருப்பில் அவர்களுடைய வீட்டு மாடிப்படியில் ஏறும்போது, எப்படிச் சொல்வது என்று வாக்கியங்களை அடுக்கிக்கொண்டே போனேன். ஒன்றும் பயன்படவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னேன்.

லாத்தா முதலில் சிரித்துவிட்டார். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார்.

“நீங்க என்ன சொன்னீய? பொணம்னா சொன்னீய?”

“சவம்னா பிணம்தானே லாத்தா?”

“யா அல்லா! ஏம்மா, எங்க வீட்டுல மிக்சி ஓடலன்னா சவம். தண்ணி வரலன்னா சவம். பஸ்சு நிக்காமப் போனா சவம். இந்த மனுசன் பேச்சக் கேக்காட்டி இவரும் சவந்தான். ஒரு நாளைக்கு நூறு தடவ சொல்லுவோம். ஒருத்தரு மௌத்தாயிட்டாருன்னா அத வாய் தொறந்து சவம்னு சொல்லுவோமா? மையத்துன்னுல்லா சொல்லுவோம்! நீங்க தமிழுல பிரைசு வாங்குனவுகதானே?”

சவம் என்றால் அவர்களுக்குச் சனியன் என்பது போல ஒரு வசை. இறந்தவரின் உடலுக்கு அவர்கள் வாயில் அந்தச் சொல் வரவே வராது. நான் தந்த பொருள் தமிழில் இருந்தது. மைதீன் பாயின் வாயில் இல்லை.

லாத்தா அலமாரியைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உம்ரா பயணத்துக்காக மக்காவுக்குப் போக இருவரும் நெடுநாளாக ஆசைப்பட்டிருந்தார்கள். லாத்தாவின் பாஸ்போர்ட் வந்துவிட்டது. மைதீன் பாயுடையதற்கு அந்த வாரம்தான் போலீஸ் வெரிஃபிகேஷன்.

“அதே ஸ்டேசன்லதான் இவருக்கு வெரிபிகேசன். அங்க இவரு பேருல பொணம், பிரசிடென்ட்டுன்னு எழுதி வச்சா, எந்த ஆபீசரு கையெழுத்துப் போடுவாரு? எனக்கு முட்டி இன்னும் ஒரு வருசம் நடக்க விடுமான்னு டாக்டரே சொல்லமாட்டேங்காரு. நீங்க ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிட்டீய.”

அப்போதுதான் விளைவின் அளவு எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

4. எழுதிக் கொடுப்பதா?

காவல் நிலையத்துக்குப் போகும் வழியில் ப்ரோட்டோகால் அதிகாரி அழைத்தார். நாளை அந்தப் பட்டறை நிகழ்ச்சியிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது, அதற்குப் பதிலாக சயானில் ஓர் அரங்கத்தில் தோல் பொருள் காட்சி ஏற்பாடாகிறது என்றார். நான் என் பிழையைச் சொன்னேன். அவர் நல்லெண்ணத்துடனேயே ஓர் ஆலோசனை கூறினார். இப்போது எதையும் எழுத்தில் கொடுக்க வேண்டாம். மாலைக்குள் எப்படியும் விட்டுவிடுவார்கள். மொழிபெயர்ப்பாளரே தவறாகச் சொன்னார் என்று பதிவானால் எங்கள் நிறுவனத்தை இனி எந்த அரசு நிகழ்ச்சிக்கும் அழைக்கமாட்டார்கள்.

அவர் சொன்னது பொய்யல்ல. எங்கள் பணிகளில் பல அரசுத் துறைகளுடன் இணைந்தவை. ஒரு குடும்பத்தின் பயணத்துக்காகப் பல குடும்பங்களுக்கான வேலையை ஆபத்துக்கு உள்ளாக்கலாமா என்று யோசித்தேன். அந்தக் கணக்கு எவ்வளவு நேர்த்தியாக என் பக்கமே சாய்கிறது என்பதையும் கவனித்தேன். லாத்தா பக்கத்தில் நடந்து வந்துகொண்டிருந்தார். முட்டி வலியால் இரண்டு கடைகளுக்கு ஒரு முறை நின்றார்.

நிலையத்தில் மைதீன் பாயை பெஞ்சில் உட்கார வைத்து டீ கொடுத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும், “நான் ஏ.சி.யத்தாம்மா ஏசுனேன். ஏ.சி.ய ஏசுனதுக்கு யாராவது ஸ்டேசனுக்கு வந்துருக்காவளா?” என்றார். லாத்தா, “சும்மா இரும். வாயாலதான் வந்து உக்காந்திருக்கீரு” என்றார்.

இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன்: “சார், எனக்கு அவருடைய தமிழ் தெரியாது. தெரியும் என்று நினைத்துப் பொருள் சொல்லிவிட்டேன்.”

அவருக்கு எரிச்சல் வந்தது, நியாயமான எரிச்சல். “மதியம் ஷ்யூர் என்றீர்கள். இப்போது தெரியாது என்கிறீர்கள். நீங்களும் தமிழ், அவரும் தமிழ். தமிழ் எத்தனை இருக்கிறது மேடம்?”

“ஒன்றுதான் சார், ஆனால்...” என்று தொடங்கி நின்றுவிட்டேன்.

இன்ஸ்பெக்டர் என்னை விட்டுவிட்டு லாத்தாவைக் கேட்டார். அவர் கேட்ட முறையை நான் இன்றும் பாராட்டுகிறேன். ‘சவம் என்றால் என்ன’ என்று கேட்காமல், ஹிந்தியில், “உங்கள் வீட்டில் ஒருவர் இறந்துபோனால் அந்த உடலை என்னவென்று சொல்வீர்கள்?” என்றார்.

“மையத்து” என்றார் லாத்தா, யோசிக்காமல்.

“மய்யத்?” இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தார். ஹிந்தி பேசும் எவருக்கும் தெரிந்த சொல் அது. யாரும் அவருக்கு மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. “அப்படியானால் சவம்?”

லாத்தா சுற்றும்முற்றும் பார்த்தார். மேலே மின்விசிறி கிறீச்சிட்டுக்கொண்டு சுற்றியது. அதைக் கையால் காட்டினார். “இது சவம்.”

எழுதிக்கொண்டிருந்த கான்ஸ்டபிள் சிரித்துவிட்டார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை, ஆனால் என் முன் ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தினார். காவல் நிலைய டைரியில் எழுதியதை அழிக்க முடியாது, அதன் கீழே என் வாக்குமூலத்தைச் சேர்க்கலாம் என்றார். என் பெயர், நிறுவனத்தின் பெயர், நான் அறியாமல் சொன்ன பொருள், சரியான பொருள், பிழை என்னுடையது என்ற வரி ஆகியவற்றை எழுதிக் கையெழுத்திட்டேன். ஒரு நகல் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஐந்தரை மணிக்கு மூவரும் வெளியே வந்தோம்.

5. அதன் பிறகு

மறுநாள் அதிபர் சயான் அரங்கத்துக்கு வந்தார். கண்ணாடிப் பெட்டிகளில் வைத்திருந்த பைகளைப் பார்த்தார். நட்பைப் பற்றிப் பேசினார். நல்ல பேச்சு என்று சென்றவர்கள் சொன்னார்கள். என்னை அழைக்கவில்லை. மைதீன் பாய் அன்று ஏ.சி.யை வாசலுக்கு வெளியே தள்ளிவிட்டு நான்கு மிஷின்களையும் ஓட்டினார். ஒப்பந்தம் கையெழுத்தானது. கூட்டறிக்கையில் ‘மேலும்’ இருந்தது.

பாஸ்போர்ட் தாமதமானது. வெரிஃபிகேஷனுக்கு வந்தவர் டைரியின் முதல் பதிவைப் படித்ததும் கோப்பை ஒதுக்கி வைத்துவிட்டார். நான் நகலுடன் மூன்று முறை போனேன். மூன்றாவது முறை ஒரு மூத்த அதிகாரி இரண்டு பதிவுகளையும் ஒன்றாக வைத்துப் படித்துவிட்டுக் கையெழுத்திட்டார். ஆனால் அவர்கள் சேர்ந்து போகவிருந்த குழு அதற்குள் புறப்பட்டுவிட்டது. அடுத்த குழுவில் போனார்கள். லாத்தா பாதி இடங்களில் சக்கர நாற்காலியில் போக வேண்டியிருந்ததாம். முந்தைய குழுவில் போயிருந்தால் நடந்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. அவர் அதைப் பற்றி என்னிடம் பேசுவதில்லை. சில மாதங்கள் என்னிடம் எதையும் பேசவில்லை.

எங்கள் நிறுவனத்துக்கு அரசு நிகழ்ச்சிகளிலிருந்து அழைப்பு ஓராண்டு வரவில்லை. பிறகு வந்தது. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

பின்னொரு நாள் மைதீன் பாயிடம் நேராகவே கேட்டேன். அன்று அவர் ஏசியது ஏ.சி.யை மட்டும்தானா, அல்லது இந்த வருகையையும் சேர்த்தா, அதிபரையும் சேர்த்தா? என் வாக்குமூலத்தில் ‘ஏ.சி. இயந்திரத்தை’ என்று உறுதியாக எழுதியிருந்தேன். அது முழு உண்மையா என்ற ஐயம் எனக்கு இருந்தது.

அவர் தோலை மடித்துக்கொண்டே சொன்னார்: “கோவத்துல ஏசும்போது யார யாரன்னு பிரிச்சா ஏசுவாவ? எல்லாருந்தான் அதுக்குள்ள கெடப்பாவ. நீங்க இதையும் எங்கயாவது எழுதிக் குடுத்துராதிய.”

அவர் அனுமதி பெற்றே இப்போது எழுதுகிறேன்.

அந்தச் சம்பவத்துக்குப் பின் எங்கள் களப்பணிப் படிவத்தில் ‘மொழி’ என்ற கட்டத்துக்கு அடுத்து ‘எந்த ஊர்ப் பேச்சு’ என்ற கட்டம் சேர்க்கப்பட்டது. யாருக்காக மொழிபெயர்க்கிறோமோ அவருடன் முதல் நாளே அரை மணி நேரம் உட்கார்ந்து பேச வேண்டும் என்பது விதியாயிற்று. ஒரு சொல்லின் பொருளை அதிகாரி யாராவது கேட்டால், சொன்னவரிடம் கேட்டுவிட்டுத்தான் நான் பதில் சொல்கிறேன்.